சோறு கிடைக்காத இடம்

கலியபெருமாள் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் யாரும் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்ப்பதில்லை. எப்போது எழுந்திருப்பார் என்றுதான் பார்ப்பார்கள். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போவதில் புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர்கள் எதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு காதுகுத்தில் தனக்கு உடைந்த அப்பளம் வைத்தார்கள் என்று எழுந்தார். ஒரு வளைகாப்பில் பக்கத்து இலைக்கு முதலில் பாயசம் போட்டார்கள் என்று எழுந்தார். ஒரு கருமாதியில் எதற்காக எழுந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது. ஊர்ப் பால் சொசைட்டிக்கு அவர்தான் தலைவர். விடிந்தால் பாலைக் கொண்டுபோய் அவரிடம்தானே ஊற்ற வேண்டும்.

சொந்தக்காரர்கள் கூடினால் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வராது. சில வருடங்களுக்கு முன்பு அவளுடைய அக்கா சுமலதாவுக்கு மதகடிப்பட்டில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பையனை அக்காவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பேச்சு முடிந்து, மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் கை நனைப்பது என்றால் சும்மா இல்லை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் சம்மதம் என்று பொருள். பாதியில் எழுந்துவிட்டால் அது முறிந்தது என்று பொருள். சம்மதம் இல்லாதவர்கள் காபியோடு கிளம்பிவிடுவார்கள். மாமா உட்கார்ந்தார், சாப்பிட்டார், ரசத்துக்குச் சோறு வாங்கினார், அதற்குப் பிறகு எழுந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா தன்னைப் பார்த்துச் சிரித்தாராம். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் எழுந்தால் எல்லாரும் எழுந்தாக வேண்டும். அம்மா அஞ்சலாட்சி எழுந்தாள். அக்கா எழுந்தாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பூர்ணிமாவும் எழுந்தாள்.

அக்காவை அப்புறம் மாமாவே இடம் பார்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார். நல்லா இருக்கேன் என்று போனில் சொல்கிறாள். யாரும் கேட்காதபோதும் சொல்கிறாள்.

இப்போது பூர்ணிமாவின் முறை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஓடி வருகிற மூடிகளில் தலைமுடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். அதே கம்பெனியில் மெஷின் பார்க்கிற லூர்துபிரகாஷை மட்டும் அவளால் ஓரமாகப் போட முடியவில்லை. முத்தியால்பேட்டைப் பையன், மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். ரெட்டியார்பாளையத்து வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டு, "ஒங்க மாமாகிட்ட சொல்லணுமே" என்றாள்.

மாமாவுக்கு அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பது ஒரு பிரச்சினையாக இல்லை. "வேதக்காரங்கன்னா என்னா, அவுங்க பாலும் வெள்ளையாதான் இருக்குது" என்று பெருந்தன்மையாகவே சொன்னார். தனக்குக் கடைசியில் சொன்னார்கள் என்பதுதான் தொண்டையில் மாட்டிய முள். "ரெட்டியார்பாளையத்துல காய்கறிக்காரனுக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் தாய்மாமனுக்குச் சொல்றீங்க. சரி. பாக்கலாம்." மாமா பார்க்கலாம் என்றால், இலை போடட்டும் பார்க்கலாம் என்று அர்த்தம்.

பூர்ணிமாவும் லூர்துவும் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து இதை மெஷின் ரிப்பேர் மாதிரி பிரித்துப் போட்டு யோசித்தார்கள். எழுந்திருக்க வேண்டும் என்றால் பந்தி வேண்டும். பந்தி என்றால் இலை, இலை என்றால் சோறு. சோறே இல்லாத ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டால்? பேச்சை மட்டும் பேசி முடித்துவிட்டால்? யார் வீட்டுக்கு யார் முதலில் வருவது என்ற சண்டைக்கும் இடமில்லை. ஈசிஆர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த 'ஆஃப் சைடு' என்ற இடம் லூர்துவுக்குத் தெரியும். சுவரெல்லாம் டிவி, டிவியெல்லாம் விளையாட்டு. தின்பதற்குக் கோழி இறக்கை. அதைத் தவிர, வேறு சாஸ் தடவிய கோழி இறக்கை.

"சோறு கெடையவே கெடையாது. ஃப்ரைட் ரைஸ்கூட இல்ல. நானே நேர்ல போயி கேட்டுட்டேன்" என்றான் லூர்து.

பூர்ணிமாவுக்குத் தன் மூளையை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொள்ளத் தோன்றியது. பட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா மொடமொடவென்று வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றில் கிரிக்கெட், ஒன்றில் கபடி, ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பச்சைப் புல்லில் குச்சியை ஊன்றிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"இவன் என்னா, மாட்ட தொலைச்சிட்டானா?" என்றார் மாமா.

"கோல்ஃப் மாமா."

"இவ்ளோ புல்ல வெச்சிக்கிட்டு ஒரு மாடு இல்ல. எங்கேர்ந்து உருப்படும்."

லூர்துவின் அப்பா லூயிஸ் கோட்டுப் போட்டு வந்திருந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். லூயிஸ் இருந்ததென்னவோ மேட்டுப்பாளையத்தில் பிஸ்கட் கம்பெனி குடோனில்தான். ஆனால் சண்டை போட்டதெல்லாம் தானே என்பது போல நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். அவர் மனைவி வேளாங்கண்ணி குள்ளமாக, வாய் ஓயாத பெண்மணி. கையில் ஒரு ஒயர் கூடை. அதற்குள் எவர்சில்வர் டப்பா.

வாசலிலேயே தகராறு. அங்கே பரிமாறுகிற ஆள் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றிருந்தான். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்றான்.

"சாப்பாடுன்னு ஒனக்கு யாரு சொன்னா? மருந்து" என்றாள் வேளாங்கண்ணி.

"டப்பாவுல என்ன மேடம் மருந்து?"

"எங்க வூட்டுக்காரருக்கு அல்சரு. காரம் தொட்டா மூணு நாளைக்குப் படுக்கைதான். ஒன் கடையில கோழிய மொளவாத்தூள்ல குளிப்பாட்டி வெச்சிருக்கறியாம். நான் மருந்து இல்லாம வர முடியுமா? எல்லாரும் கேட்டுக்கங்க, இது மருந்து."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நடுவருக்கு அதற்கு மேல் விசில் ஊத வழியில்லை.

பெரிய மேசை ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமா மேசைக்குத் தலைமாட்டில் இடம்பிடித்தார். உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேச்சு முடியாம நாங்க கை நனைக்க மாட்டோம். அது எங்க வழக்கம்."

"நல்லது, முசியே கலியபெருமாள்" என்றார் லூயிஸ். "எங்களுக்கும் அதான் வழக்கம்."

ஆக, சாப்பிட வந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாப்பிடப் போவதில்லை என்று சுமுகமாக முடிவாயிற்று. முசியே என்றால் திட்டா மரியாதையா என்று மாமா பூர்ணிமாவின் காதில் கேட்டார். மரியாதைதான் என்றாள். மாமா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து லூர்து சொல்லி வைத்திருந்த தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மரத்தட்டு. அதில் குழி குழியாகப் பிரித்து ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு நிறத்தில் இறக்கைகள். ருசி பார்ப்பதற்கென்றே எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பார்களாம். மிளகும் எலுமிச்சையும் ஒன்றில், தேன் ஒன்றில், பூண்டு ஒன்றில். வாசனை மேசை முழுக்கப் பரவியது. காலையில் இருந்து மாமா ஒன்றும் சாப்பிடவில்லை. சம்பந்தம் பேசப் போகிற இடங்களுக்கு வெறும் வயிற்றோடு போனால்தான் கோபம் நன்றாக வரும் என்பது அவர் கணக்கு.

"இது என்னா?"

"விங்ஸ், அங்கிள்" என்றான் லூர்து.

"றெக்கையா?" மாமாவின் குரல் ஏறியது. "தாய்மாமனுக்கு ஒரு தொடைக்கறி வெக்க நாதி இல்ல? எங்க ஊருல றெக்கைய யாருக்குப் போடுவாங்க தெரியுமா? சொல்லாம வந்த விருந்தாளிக்கு."

பூர்ணிமாவும் லூர்துவும் சோற்றைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள், கோழியைப் பற்றி யோசிக்கவே இல்லை. "இங்க எல்லாருக்குமே இதான் மாமா. இந்தக் கடையில கோழிக்குத் தொடையே கெடையாது" என்றாள்.

"இது என்னா செவப்பா?"

"அது பஃபலோ விங்ஸ் சார்" என்றான் நடுவர்.

பால் சொசைட்டித் தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பது வருசமா எருமையோட பொழங்கறேன் தம்பி. எந்த எருமைக்கும் நான் றெக்கை பாத்ததில்ல." பிறகு கேட்டார்: "சோறு எப்ப வரும்?"

"ரைஸ் ஐட்டம் நம்மகிட்ட இல்ல சார்."

பூர்ணிமா போட்ட திட்டம் முழுக்க இந்த ஒரு பதிலில்தான் நின்றுகொண்டிருந்தது. மாமா தட்டைப் பார்த்தார். வாசனையைப் பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"சோறு இல்லன்னா இது சாப்பாடே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "நொறுக்குத்தீனி. முறுக்கு, சீடை மாதிரி. சீடை தின்னவன் கை நனைச்சதா ஆவுமா? ஆவாது." என்று சொல்லிவிட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முதல் இறக்கையை எடுத்தார்.

"ஆவாது" என்று ஒத்துக்கொண்டு லூயிஸும் முள்கரண்டியை எடுத்தார்.

பூர்ணிமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சோறு இல்லாத இடத்தில் மாமாவால் எழுந்து போக முடியாது, உண்மைதான். ஆனால் சோறு இல்லாத இடத்தில் அவரால் சம்மதம் சொல்லவும் முடியாது. கடையில் உள்ள கோழி மொத்தத்தையும் தின்று தீர்த்துவிட்டு, ஏப்பம் விட்டு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம். இத்தனை பெரிய ஓட்டையைப் பார்க்காமல் விட்டதற்கு அவளைத்தான் முதலில் எடுத்து ஓரமாகப் போட வேண்டும்.

லூர்து மேசைக்கு அடியில் அவள் காலைத் தட்டினான். "போன்ல பிரியாணி சொல்லட்டா?"

"வெளிச் சாப்பாடு உள்ள வுடமாட்டான். ஒங்கம்மாவே மருந்துன்னு சொல்லித்தான வந்தாங்க."

பேச்சு நடந்தது. கோயிலில் தாலி கட்டிவிட்டு மறுநாள் ரெட்டியார்பாளையத்தில் இவர்கள் முறைப்படி ஒரு விசேஷம் வைத்துக்கொள்ளலாமா என்றார் லூயிஸ். குறை கண்டுபிடிக்க முடியாத யோசனை. மாமா பூண்டு இறக்கையைக் கடித்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரெல்லாம் தாய்மாமன் கையாலேயே நடக்கட்டும், யாரும் குறுக்கே வரமாட்டோம் என்றாள் வேளாங்கண்ணி. மாமா தேன் தடவியதை எடுத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். பத்திரிகையில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடலாம் என்று பூர்ணிமா சொன்னாள். அதற்கு மட்டும் மாமா மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். "எவ்ளோ பெருசு?" என்று கேட்டார். பிறகு, "பாக்கலாம்."

அம்மா அஞ்சலாட்சி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அண்ணன் இருக்கிற சபையில் அவள் பேசிப் பூர்ணிமா பார்த்ததில்லை. ஒரு இறக்கையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

லூயிஸ் இறக்கையைக் கத்தியும் முள்கரண்டியும் கொண்டுதான் சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அப்பா அப்படித்தான் சாப்பிடுவாராம். அல்சருக்காக அவருக்கு மட்டும் காரமில்லாத தேன் இறக்கை ஒன்றை வேளாங்கண்ணி அனுமதித்திருந்தாள். அதை ஒரு பக்கம் குத்திப்பிடித்து மறுபக்கம் அறுத்துக்கொண்டிருந்தபோது, அது தட்டை விட்டு எகிறி, மேசையைத் தாண்டி, மாமாவின் வெள்ளைச் சட்டைப் பையின் மேல் போய் மோதி விழுந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் கோழி அவ்வளவு தூரம் பறந்திருக்காது.

பார்தோன், பார்தோன் என்று மன்னிப்புக் கேட்டபடி லூயிஸ் பாதி எழுந்துவிட்டார். மாமா சட்டையைப் பார்த்தார். எழுந்து போவதற்கு இதைவிட அருமையான காரணம் அவருக்கு இந்த வருடத்தில் கிடைத்திருக்காது. ஆனால் தட்டில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. விழுந்ததை எடுத்தார், வாயில் போட்டார், "பரவால்ல" என்றார். பூர்ணிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

தட்டின் நடுக்குழியை மட்டும் யாரும் தொடவில்லை. கருஞ்சிவப்பாக, எண்ணெய் மினுமினுக்க, சில இறக்கைகள் அதில் கிடந்தன. மாமா கை நீட்டியபோது நடுவர் ஓடி வந்தான்.

"சார், அது ரெட் கார்டு. இருக்கறதுலயே ரொம்பக் காரம். தண்ணி குடிக்காம முடிச்சா போட்டோ எடுத்து அந்தச் செவுத்துல மாட்டுவோம். முடியலன்னா ரெட் கார்டு காட்டிடுவோம்."

சுவரில் பத்துப் பன்னிரண்டு முகங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. எல்லாம் மீசை முளைக்காத கல்லூரிப் பையன்கள். மாமாவின் படம் பால் சொசைட்டியில் வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று, பால் அளக்கிற இடத்தில் ஒன்று என்று தொங்குகிறது. புதுச்சேரி டவுனில் மட்டும் இன்னும் எங்கும் இல்லை.

"காரமா?" என்றார். "தம்பி, நாங்க பச்ச மொளவாய கடிச்சிக்கிட்டு கூழு குடிச்சி வளந்தவங்க. நீ போட்டோவுக்கு ஆள வரச் சொல்லு."

"நானும் ஒண்ணு பாக்கறேன்" என்றார் லூயிஸ், கோட்டுக் கையை மடித்துக்கொண்டு. "எங்கப்பா அல்ஜேரியாவுல..."

"ஒங்கப்பாவுக்கு அல்சர் இல்ல" என்றாள் வேளாங்கண்ணி. லூயிஸ் கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இதைப் பார்த்ததும் மாமாவுக்குப் பலம் கூடிவிட்டது. சம்பந்தி வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். இனி அவர் காட்டில் மழைதான். முதல் இறக்கையைத் தின்றுவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுவா காரம்?" இரண்டாவதைத் தின்றார். "கொழந்தைக்குக் குடுக்கலாம்." மூன்றாவதைக் கடித்தார்.

முதலில் காது சிவந்தது. பிறகு மூக்கு ஒழுகியது. பிறகு கண். வழுக்கை வரைக்கும் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, விக்கல் வந்தது. பூர்ணிமாவின் நினைவு தெரிந்து மாமா பேச முடியாமல் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்தக் காட்சி ஒரு கணம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. மனசில் பட்டதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

மாமா தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்தார். நடுவர் சொன்ன சொல் தவறாமல் விசில் ஊதி, சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து மாமாவின் முகத்துக்கு நேராகக் காட்டினான். அடுத்த மேசைகளில் கை தட்டினார்கள். தண்ணீர் குடித்ததும் எரிச்சல் இன்னும் பரவிற்று. லூர்து சோடாவை நீட்டினான். அது எரிகிற இடத்தில் குத்தவும் செய்தது.

மாமா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார்.

அந்த ஊன்றல் பூர்ணிமாவுக்குத் தெரியும். மதகடிப்பட்டில் பார்த்தது. இனிமேல் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. வேதக்காரர்கள் கூப்பிட்டு வைத்து வாயைச் சுட்டு, சபையில் அட்டை காட்டி அனுப்பினார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். மாமா பாதி எழுந்துவிட்டார். பக்கத்தில் அம்மாவின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பழக்கதோஷம். பூர்ணிமாவின் முழங்காலும் தானாக நிமிரப் பார்த்தது. எதிரே லூர்துவின் முகத்தைப் பார்த்தாள். தானும் ஒரு நாள் போனில், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐய, குந்துங்கண்ணே" என்ற குரல் கேட்டது.

வேளாங்கண்ணி டப்பாவைத் திறந்துவிட்டாள். தயிர் சோறு. குழைய வடித்து, பால் விட்டுப் பிசைந்து, வீட்டுத் தயிர் ஊற்றிக் கொண்டுவந்த சோறு. ஒரு கவளம் அள்ளி உருட்டி மாமாவின் கையில் வைத்தாள். "வாயில போடுங்க. கேள்வி கேக்காம போடுங்க."

மாமா போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். நின்றிருந்த மனிதர் அப்படியே உட்கார்ந்தார். இரண்டாவது கவளத்துக்குத் தானே கையை நீட்டினார். மூன்றாவதற்கு டப்பாவையே இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். அல்சர்காரருக்கு வந்த மருந்து கண்ணெதிரே குறைந்துகொண்டே போனது. லூயிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேளாங்கண்ணி மேசைக்கு அடியில் என்ன செய்தாளோ, வாயை மூடிக்கொண்டார்.

மாமா டப்பாவின் ஓரம் வரைக்கும் வழித்தார். விரலையும் விடவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். எல்லாரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் சோற்றுப் பருக்கை. மாப்பிள்ளை வீட்டு அடுப்பில் வெந்த சோறு. மாப்பிள்ளையின் அம்மா கையால் உருட்டிக் கொடுத்தது.

கபடி டிவியில் மட்டும் ஒருவன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

மாமா கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். ஒரு சொசைட்டிக்குத் தலைவராக இருப்பவர் சும்மாவா இருப்பார். "மருந்துன்னுதான சொன்னீங்க?" என்றார், இன்னும் கரகரத்த குரலில். "வாசல்லயே எல்லாரும் கேட்டுக்கங்கன்னு சொன்னீங்க. மருந்து தின்னா கை நனைச்சதா ஆவாது."

வேளாங்கண்ணி சொன்ன சொல்தான். சாட்சியாக மேசை மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. பூர்ணிமாவுக்கு இந்த மனிதரை ஜெயிக்கவே முடியாது என்று தோன்றியது. சோறே இல்லாத இடத்துக்குக் கூட்டி வந்தும், வானத்தில் இருந்து விழுந்த மாதிரி சோறு வந்தும், முடியாது.

"ண்ணா."

அம்மாதான். முதலில் பூர்ணிமாவுக்கே நம்பிக்கை வரவில்லை. அஞ்சலாட்சி தன் முன்னால் இருந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மதகடிப்பட்டுல ரசத்துக்குச் சோறு வாங்கித் தின்னுட்டுதான் எழுந்துபோன. அன்னிக்கி நான் ஒண்ணும் கேக்கல. எம்பொண்ணு எலையில பாதி சோறு அப்படியே கெடந்துச்சி. பாத்துட்டுப் பேசாம ஓம் பின்னாலயே வந்தேன்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை..."

"இன்னிக்கி கேக்கறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பசிச்சித் தின்னியா, மருந்துக்குத் தின்னியா?"

மாமா தங்கையைப் பார்த்தார். அவளைப் பார்த்து வெகு நாள் ஆன மாதிரி பார்த்தார்.

"நீ எழுந்தா எழுந்து போ" என்றாள் அம்மா. "நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன். பூர்ணி, நீயும் எழுந்திருக்காத."

அம்மா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பூர்ணிமாவும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து போவதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னாலேயே நாலு பேர் எழுந்து வர வேண்டும். தனியாக எழுந்து போகிற ஆளை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்றுதான் நினைப்பார்கள். மாமாவுக்கு அது தெரியாததல்ல. காலி டப்பாவைப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். அதில் இருந்து இன்னொரு காரணம் விழாதா என்று பார்த்தாரோ என்னவோ. ஒன்றும் விழவில்லை.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேளாங்கண்ணியின் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தயிரு பாக்கெட் தயிரு இல்லியே?"

"சீ, பாக்கெட்டா? நானே ஒறை ஊத்தறதுண்ணே."

"பாலு எங்க வாங்கறீங்க?"

"தெருவுல ஊத்தறான்."

"தண்ணி கலக்கறான்" என்றார் மாமா. "புளிப்பு சரியா நிக்கல. நாளையிலேர்ந்து நம்ம சொசைட்டி பாலு அனுப்பி வெக்கறேன்." அவர் தொண்டையில் இருந்த முள் இறங்குவதைப் பூர்ணிமாவால் பார்க்கவே முடிந்தது. "சம்மந்தி வூட்டுல தயிரு சரியில்லன்னா எனக்குத்தான கேவலம்."

லூயிஸ் எழுந்து மேசையைச் சுற்றி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர் அப்பா அப்படித்தான் கொடுப்பாராம். ரெட் கார்டு காட்டியபோதுகூட மாமாவின் முகம் அப்படிப் போகவில்லை.

"பத்திரிகையில எம்பேரு" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார் மாமா, "பெருசான்னா எவ்ளோ பெருசு?"

அதற்கு மேல் பூர்ணிமாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அம்மாவின் கை மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. கண் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நடுவில் அழுதால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். காலையில் இருந்து அவளும் ஒன்றும் தின்னவில்லை. கை நீட்டி, நடுக்குழியில் கடைசியாகக் கிடந்த ரெட் கார்டு இறக்கையை எடுத்து ஒரே கடியாகக் கடித்தாள்.

"ஐயையோ, அத்த ஏன் எடுத்த?" என்று மாமா பதறினார். "தண்ணி குடிக்காத, தண்ணி குடிக்காத! ஏங்க சம்மந்திம்மா, தயிர் சோறு மிச்சம் இருக்குதா?"

"எங்கண்ணே, நீங்கதான் டப்பாவையே வழிச்சிட்டீங்களே" என்றாள் வேளாங்கண்ணி.

பூர்ணிமா தண்ணீர் கேட்கவில்லை. ஆசை தீர அழுதாள்.